முடக்கு சொன்ன வேகம்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு வரும் வீதி இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல். கீழ்நாட்டில் இந்தத் தூரத்தை அரை மணிக்குள் ஓடிவிடுவார்கள். இங்கே முன்பெல்லாம் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் பிடிப்பது சாதாரணம். மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் அதற்கும் மேல். காபட் போட்ட பிறகு நேரம் குறைந்தது. அப்படி மிச்சமான நிமிடங்களால் உயிர் பிழைத்தவர்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள். நெஞ்சுவலிக்காரரையும் வலி கண்ட கர்ப்பிணியையும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட இந்த வீதிதான் இருக்கிறது. அங்கே 150 கட்டில்களுடன் இந்திய உதவியில் எழுந்த கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அந்த வைத்தியசாலைக்கு நோயாளியை வேகமாகக் கொண்டு சேர்க்கும் இதே வீதி, அடிபட்டவர்களையும் அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே காபட் வீதியின் காரியம்.

நல்ல ரோட்டு வேண்டும் என்று மலையகம் கேட்காத காலமே இல்லை. கேட்டது நியாயம், கிடைத்தது நல்லது. ஆனால் ரோட்டைத் திருத்தியவர்கள் ரோட்டின் மேற்பரப்பை மட்டும் திருத்திவிட்டுப் போய்விட்டார்கள் என்பதே என் கவலை. பழைய பாதை தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. புதிய பாதையில் அந்த வேலை பலகைக்கும் பொலிஸுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பலகையும் பொலிஸும் தனியாகச் சுமக்கக்கூடிய பாரமில்லை அது.

இந்தப் பள்ளத்தாக்கின் முதல் வீதிகள் கோப்பிக் காலத்தில் மாட்டுக்காக வெட்டப்பட்டவை. மூட்டை ஏற்றிய வண்டியை மாடு இழுக்கக்கூடிய சரிவு எதுவோ, அதுவே வீதியின் சரிவு. மலையை நேராக ஏற முடியாது என்பதால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறினார்கள். ஓடை வந்தால் உள்ளே வளைந்து, பாறை வந்தால் வெளியே வளைந்து, கெசல்கமு ஓயாவை ஒட்டியே வந்த பாதை அது. இத்தனை முடக்குகள் இந்த வீதியில் ஏன் என்று கேட்டால் பதில் அந்த மாடுகள்தான். ரயில் 1874-இல் நாவலப்பிட்டி வரையும் 1884-இல் ஹட்டன் வரையும் வந்தது. அதற்கு இடைப்பட்ட 1879-இல் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் கிளங்கன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்வதற்கு அவர் உடலை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். இன்று அதே கிளங்கனிலிருந்து அம்புலன்ஸ் வரும் வீதி அந்த வண்டிப் பாதையின் மேல்தான் கிடக்கிறது. தார் போட்டார்கள், அகட்டினார்கள், காபட் விரித்தார்கள். வளைவுகளில் பெரும்பாலானவை மாடு போன வளைவுகளே.

தோட்டத்து மக்களுக்கு அந்த வீதி வெகு காலம் வண்டிக்கான வீதியாகவே இருக்கவில்லை. தேயிலைப் பெட்டி போகும், தொரையின் கார் போகும், மற்றவர்கள் நடந்தார்கள். பெரட்டுக்கு நடை, மலைக்கு நடை, பஜாருக்கு நடை. முடக்குக்கு முடக்கு வீதியில் சுற்றாமல் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி அடுத்த மடிப்பில் வீதியைப் பிடிப்பார்கள். 1958 ஜனவரி 1-ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்த பிறகுதான் சிவப்பு பஸ் மலையகத்தின் சொந்த வாகனமானது.

அந்த பஸ் ஓடிய விதத்தைப் பெரியவர்களிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். முடக்கு வருவதற்கு முன்பே நீளமாக ஒரு ஹோர்ன். பிறகு கியர் மாற்றும் உறுமல். பின் சீட்டில் இருப்பவருக்கும் இரண்டாம் கியருக்கு இறங்கியது தெரியும். மறுபக்கத்திலிருந்து பதில் ஹோர்ன் கேட்டால் பஸ் நின்றுவிடும். மேலே ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டி வழிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பாரம் ஏற்றி ஏறும் லொறி ஒருமுறை நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. இடம் போதாவிட்டால் நடத்துநர் இறங்கி, பின்சில்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவார். ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ.

இதெல்லாம் அந்தக் காலத்துச் சாரதிகள் பொறுமைசாலிகள் என்பதால் மட்டும் நடக்கவில்லை. வேறு வழியில்லாததால் நடந்தது. வீதி ஒடுக்கம், கரை உடைந்த தார், குழி, முன்னால் என்ன வருகிறது என்று தெரியவிடாத மண்திட்டு. மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் போனால் பஸ்ஸின் உடம்பே நடுங்கும். சாரதியின் கையும் காலும் உடனுக்குடன் தகவல் பெற்றன. வேகத்தைச் சொன்னது முடக்கு.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கொழுந்து லொறியில் ஆட்களை நிற்க வைத்து ஏற்றிப் போனார்கள். லொறி சரிந்தால் மொத்தமாகப் போயின உயிர்கள். வீதியே இல்லாத டிவிஷன்களிலிருந்து நோயாளியைக் கம்பளியில் கட்டித் தோளில் சுமந்து வந்து, பாதி வழியில் பிணமாகத் திருப்பிக் கொண்டுபோன வீடுகள் உண்டு. வேகம் குறைவாக இருந்ததால் தப்பியவர்களும், வேகமாகப் போக முடியாததால் செத்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். வேகமே வேண்டாம் என்று சொல்ல எந்த மலையகத்தானுக்கும் மனம் வராது. எந்த இடத்தில் எவ்வளவு வேகம், அதை யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி.

இனி இன்றைய வீதி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் நடந்த ‘ஐ-ரோட்’ திட்டம் போன்றவற்றால் மத்திய மாகாணத்தின் உள்வீதிகள் பல காபட் வீதிகளாகின. குழி போனது, தூசி போனது. நேர்த்துண்டுகளில் அகலம் கூடியது. நடுவே வெள்ளைக் கோடு வந்தது. சாரதியின் கண்ணுக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு சேதி: போகலாம், இன்னும் கொஞ்சம் போகலாம். காலுக்குக் குலுக்கல் தெரியவில்லை, காதுக்குச் சத்தம் தெரியவில்லை. முன்பு இருபத்தைந்தில் ஓடியவர் தான் கூட்டியதையே உணராமல் ஐம்பதில் ஓடுகிறார். பலகையை எல்லாரும் பார்ப்பதில்லை. வீதியின் அகலத்தையும் நேரான போக்கையும் மேற்பரப்பையும் எல்லாரும் பார்க்கிறார்கள், பார்ப்பது தெரியாமலே. உலகெங்கும் வீதிப் பொறியியலாளர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை இது: ஓட்டுபவன் வேகத்தைத் தெரிவு செய்வது வீதி தரும் தோற்றத்தைப் பார்த்து.

ஐம்பதும் முப்பதும் பெரிய வித்தியாசமா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. முப்பதில் வரும் வாகனம் ஒரு செக்கனில் எட்டு மீற்றருக்குச் சற்று மேல் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் எடுக்கிறது என்று வையுங்கள். ஈர வீதியில் வண்டி நிற்க மொத்தம் ஏறக்குறைய 15 மீற்றர் வேண்டும். ஐம்பதில் வந்தால் அதே சாரதிக்கு, அதே வண்டிக்கு, ஏறக்குறைய 33 மீற்றர். மண்திட்டை ஒட்டிய நமது முடக்கு பலவற்றில் முன்னே தெரியும் தூரம் இருபது மீற்றர் இருந்தால் அதிகம். முப்பதில் வருபவர் எதிரே நிற்பதைக் கண்டு நிறுத்திவிடுவார். ஐம்பதில் வருபவருக்கு, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இடம் போதாது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் கோரான் நில்சன் காட்டிய தொடர்பு ஒன்றை உலக சுகாதார நிறுவனமும் எடுத்துச் சொல்கிறது: ஒரு வீதியின் சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி விபத்து நூற்றுக்கு நான்களவில் கூடும். காபட் போட்டதும் நம் வீதிகளில் கூடியது ஒரு வீதமா, இரண்டு வீதமா? நேர்த்துண்டுகளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதற்கிடையில் வீதியில் ஓடுபவையும் மாறிவிட்டன. முச்சக்கரவண்டி வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, பட்டா லொறி வந்தது. தோட்டத்து இளைஞன் பெரட்டுக்குப் போகாமல் ஆட்டோ வாங்கிப் பிழைப்பதில் எனக்குச் சந்தோஷமே. கடன் தவணை கழுத்தைப் பிடிக்கும்போது நாளொன்றுக்கு ஒரு ஹயர் கூட ஓட நினைப்பதும் இயல்பு. தனியார் பஸ்ஸுக்குக் கலெக்ஷன் முக்கியம். ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் டைம் கீப்பர் குறிக்கும் நிமிடத்தைப் பிடிக்க அடுத்த முடக்கில் ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள். மார்கழிப் பௌர்ணமியில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கினால் வெசாக் வரை நோர்வூட்டைத் தாண்டி மஸ்கெலியா, நல்லதண்ணிக்குக் கீழ்நாட்டு வான்களும் பஸ்களும் இரவிரவாகப் போகும். இரவு முழுக்க ஓட்டி வந்த, இந்த மலையை முன்பின் கண்டிராத சாரதிக்கு நமது காபட் வீதி கொழும்பு வீதியைப் போலவே தோன்றுகிறது. அந்தத் தோற்றம் பொய் என்பது முதல் முடக்கில்தான் தெரியும்.

மாறாதவர்கள் நடப்பவர்கள். காலை ஏழு மணிக்கு எந்தத் தோட்டத்து முடக்கிலாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். மலைப்பக்கம் திறந்த கான். கானுக்கும் காபட் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் புல். பள்ளப்பக்கம் வெள்ளை பூசிய பழைய காவற்கல் நான்கைந்து, அதில் ஒன்று சரிந்து கிடக்கும். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். பெரியவள் சின்னவனின் கையைப் பிடித்திருப்பாள். பிடித்திருக்கும் கை வீதிப் பக்கம். பின்னாலேயே கொழுந்துக் கூடையோடு பெண்கள். பஸ் வரும் சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் கானைத் தாண்டி மண்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சுவரில் ஒட்ட இடமில்லாத முடக்கில் ஒருவர் பின் ஒருவராகச் சுருங்குவார்கள். பஸ் போனதும் மறுபடி வீதியில் ஏறுவார்கள். அவர்களுக்கு நடைபாதை என்று ஒன்று எங்கும் இல்லை. காபட் போட்டவர்கள் கானிலிருந்து கல் வரை முழு அகலத்தையும் வாகனத்துக்கே கொடுத்துவிட்டார்கள். வழுக்கும் மழையில் அந்தச் சின்னவன் ஒரு எட்டுத் தவறினால் என்ன ஆகும் என்பது வீதியின் வரைபடத்தில் எங்கே இருக்கிறது?

லயங்கள் பல வீதிக் கரையிலேயே இருக்கின்றன. வாசற்படி இறங்கினால் தார். அந்தக் காலத்தில் தோட்டத்தை வகுத்தவர்கள் வீதியோரமாக லயம் கட்டியது வேலைக்கு ஆள் திரட்ட வசதியாக. அப்போது வாசலில் மாட்டு வண்டி போனது. இப்போது அதே வாசலில் டிப்பர் போகிறது. லயம் நகரவில்லை, வீதி நகரவில்லை, வேகம் மட்டும் நகர்ந்துவிட்டது.

வீதியின் அமைப்பு ஆளைக் கொல்லும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023 ஜனவரி 20-ஆம் திகதி மாலை நானுஓயா – ரதெல்ல குறுக்கு வீதியில் நடந்ததை ஹட்டன், டிக்கோயா மக்கள் மறக்கவில்லை. நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்து திரும்பிய கொழும்புப் பாடசாலை மாணவர்களின் பஸ் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வானையும் முச்சக்கரவண்டியையும் இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. வானிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். வானில் வந்தவர்கள் நம் பக்கத்துக் குடும்பத்தார். மாணவர்கள் ஐம்பது பேரளவில் காயப்பட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றே அப்போது சொல்லப்பட்டது.

பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது? அதில் மர்மம் இல்லை. பத்துத் தொன் பஸ் ஒன்று 300 மீற்றர் உயரத்தை இறங்கினால், இறங்கும் சக்தி முழுவதும் எங்காவது போய்ச் சேர வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் அது அத்தனையும் சில்லுக்குள் சூடாகச் சேரும். அந்தச் சூடு தொண்ணூறு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அத்தனை சூடேறிய பிரேக் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறங்குவதுதான் மலைச் சாரதியின் வித்தை. சிவப்பு பஸ் சாரதிக்கு அதைப் பாதையே கற்றுக்கொடுத்தது. கொழும்பில் ஓட்டிப் பழகியவருக்கு அதை யார் சொல்வது? குறுக்கு வீதி என்றால் தூரம் குறைவு. தூரம் குறைந்தால் சரிவு கூடும். மாட்டுக்கு வெட்டிய பழைய வீதியில் இல்லாத சரிவு அங்கே இருந்தது. விபத்துக்குப் பிறகு பஸ்ஸுக்கும் கனரக வாகனங்களுக்கும் அந்த வீதியில் தடை விதித்தார்கள். சரியான முடிவு. ஏழு பேர் போவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

தமிழ்நாட்டின் நீலகிரியிலும் இதே கதை நடந்தது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மலை தெரியாத வெளியூர்ச் சாரதிகள் இறங்கும்போது தொடர்ந்து விபத்துக்குள்ளாகவே, வெளியூர் வாகனங்கள் அந்த வழியில் இறங்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடுத்தது. வால்பாறைக்கு ஏறும் வீதியில் நாற்பது வளைவுகளுக்கும் இலக்கம் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை வளைவு இருக்கிறது என்று சாரதிக்குத் தெரிகிறது. விபத்து நடந்தால் எந்த வளைவு என்று உடனே சொல்லவும் முடிகிறது. வால்பாறையும் நம்மைப் போலத் தேயிலை ஊர்தான். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

2025-ஆம் ஆண்டு இரண்டு முறை நாடே நடுங்கியது. மே 11 அதிகாலை கொத்மலை கரண்டிஎல்லையில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் விழுந்து பதினைந்து பேர். இரண்டுமே மலைவீதிகள். அவற்றுக்குப் பிறகு ஆசனப்பட்டி, பஸ்ஸின் தகுதி, சாரதியின் களைப்பு எல்லாம் பேசப்பட்டன. பேச வேண்டியவைதான். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் சாகிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் நடப்பவர்களும் மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டிக்காரர்களும். ஒவ்வொரு தடவையும் சாரதியின் பிழை என்று கோப்பு மூடப்படுகிறது. சாரதி பிழை விடத்தான் செய்வார், மனிதர். பிழை விட்டவரைப் பள்ளத்தில் விழாமல் தடுக்க அந்த முடக்கில் என்ன இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. சுவீடன் பாராளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட வீதிக் கொள்கையின் அடித்தளமே அந்தக் கேள்வி: மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு வீதியைக் கட்டு, தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது.

இனி சட்டத்துக்கு வருவோம். நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டம். நகரத்துக்குள் ஐம்பது, வெளியே காருக்கு எழுபது, பஸ்ஸுக்கு அறுபது, முச்சக்கரவண்டிக்கு நாற்பது என்பவை பொதுவான வேக எல்லைகள். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நமது வீதியில் நின்று பாருங்கள். இருபது மீற்றர் மட்டுமே தெரியும் ஒரு முடக்கில் பஸ் நாற்பத்தைந்தில் வருகிறது. கண்ணுக்குத் தெரிந்த கொலைவேகம் அது. வேகமானிக் கணக்கில் பிழையே இல்லை. கவனயீனமாக ஓட்டினார் என்று வழக்குப் போடலாம். பெரும்பாலும் அது மோதிய பிறகுதான் நடக்கிறது. கீழ்நாட்டு நேர்வீதிக்கு எழுதிய எண்ணைக் கொண்டு மலை முடக்கைக் காவல் காக்க முடியாது.

பொலிஸாரைக் குறை சொல்லி எழுதுவது சுலபம். அவர்களுடைய சிரமத்தையும் பார்க்க வேண்டும். வாகனத்தை நிறுத்திச் சோதிக்க ஓரம் வேண்டும். ஓரம் இருப்பது நேர்த்துண்டில், பாலத்தடியில், பஜார் முனையில். ஆபத்து இருப்பது முடக்கில், அங்கே ஓரம் இல்லை. அதனால் காவல் ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பொலிஸார் நிற்கும் இடத்தை எதிரே வரும் சாரதிகள் லைட் அடித்துக் காட்டிவிடுவார்கள். இரண்டு முடக்குக்கு எல்லாரும் யோக்கியமாக ஓடி, மூன்றாவது முடக்கில் பழையபடி. காவலின் பயன் காவல் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் என்பதை எத்தனையோ நாட்டு ஆய்வுகள் சொல்லிவிட்டன.

தண்டப்பணத்தின் கதையும் உண்டு. தாளை எழுதிச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தபாற்கந்தோரில் வரிசையில் நின்று கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையம் போய்த் திருப்பி வாங்க வேண்டும். ஆட்டோக்காரருக்கு அரை நாள் ஓட்டம் போகும். கைபேசியில் கட்டும் முறை இப்போதுதான் பரவி வருகிறது. தண்டம் வலிக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மாதத்தில் ஒருநாள் பெரிதாக வலிப்பதைவிட, தப்பு செய்யும் ஒவ்வொரு முறையும் சிறிதாக வலிப்பதே மனிதனைத் திருத்தும். அதை நாளெல்லாம் செய்ய ஒரு பொலிஸ்காரரால் முடியாது. வீதியில் பதித்த தடையால் முடியும்.

தோட்டத்து உள்வீதிகளின் நிலை இதைவிட மோசம். அரச வீதியை விட்டுத் திரும்பியதும் எவருடைய பொறுப்பும் இல்லாத நிலம் தொடங்குகிறது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018-இல்தான் அது திருத்தப்பட்டது. அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவானதும் அதே ஆண்டில். முப்பது ஆண்டு பின்தங்கியதை ஏழெட்டு ஆண்டில் சபைகள் எட்டிப் பிடிக்கவில்லை. தோட்டக் கம்பனி போடும் என்று சபையும், சபை போடும் என்று கம்பனியும் பார்த்திருக்க, உடைந்த கொங்கிறீட் பாதையில் ஆட்டோ உருண்டுகொண்டிருக்கிறது. அங்கே வேகப் பலகையும் இல்லை, காவற்கல்லும் இல்லை, பொலிஸும் வருவதில்லை.

செய்ய வேண்டியது பெரும் பணச் செலவான காரியம் என்று நினைக்க வேண்டாம். முடக்கின் உட்பக்க மண்திட்டை ஓரளவு வெட்டி, மேலே நிற்கும் இரண்டு வரிசைத் தேயிலையை எடுத்தால் பார்வைத் தூரம் பல மீற்றர் கூடும். வெட்ட முடியாத பாறையில் குவிவுக் கண்ணாடி. முடக்குக்கு முன் ஐம்பது மீற்றரில் சில்லு உறுமும் கரடு வரிகள். தூக்கக் கலக்கத்தில் வரும் சாரதியையும் அது எழுப்பும். இரவில் ஒளிரும் அம்புக்குறிகள், பனிமூட்டத்தில் தெரியும் மஞ்சளில். பள்ளப்பக்கம் வெள்ளைக் கல்லுக்குப் பதில் உண்மையிலேயே பஸ்ஸைத் தாங்கும் இரும்பு வேலி. கல் இடத்தைக் காட்டும், வண்டியைத் தாங்காது. பாடசாலை முன்னாலும் லயத்து வாசலிலும் கடவையை நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டினால், பெரும்பாலான சாரதிகள் அதன் மேல் முப்பதுக்குக் கூடுதலாக ஏறமாட்டார்கள். பகலோ இரவோ, பொலிஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும். நீண்ட இறக்கத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்திப் பிரேக்கை ஆறவிட ஓர் ஓரம், அங்கே ‘கியரைக் குறை’ என்று மூன்று மொழியிலும் பெரிய பலகை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது நடைபாதை. திறந்த கானின் மேல் கொங்கிறீட் பலகை போட்டு மூடினால் மூன்றடி அகலத்தில் நடக்க வழி கிடைக்கும். புதிதாக நிலம் வெட்ட வேண்டியதில்லை. வீதிப் பக்கம் ஒரு விளிம்புக் கட்டு மட்டும் போதும். வாகனப் பாதை சற்று ஒடுங்கித் தெரியும், சாரதியின் கால் தானாகத் தளரும். பிள்ளைக்கு நடக்க இடமும் சாரதிக்கு வேகக் கட்டுப்பாடும் ஒரே வேலையில் முடிகிறது. மழைத் தண்ணீர் போக இடைக்கிடை இரும்புக் கம்பி மூடி வைத்தால் கான் அடைபடாது. மலையகத்து நகர்ப்புறங்கள் சிலவற்றில் மூடிய கான்கள் ஏற்கனவே இருக்கின்றன. பஜாரில் கடைக்கு முன்னால் செய்தார்கள். முடக்கில் பிள்ளைகளுக்காக இன்னும் செய்யவில்லை.

வேகத்தடை போட்டால் அம்புலன்ஸ் தாமதமாகுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உயர்த்திய கடவை ஒன்றுக்குச் சில செக்கன் எடுக்கும். இருபது கிலோமீற்றருக்கு அப்படிப் பத்து வைத்தாலும் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பாதையில் குறுக்கே கவிழ்ந்து கிடக்கும் ஒரு பஸ் அம்புலன்ஸை மணிக்கணக்கில் நிறுத்திவிடும்.

வீதியைக் கொப்பரேஷன் கடைக்காரரும் கங்காணியும் வடிவமைப்பதில்லை என்பது தெரியும். பொகவந்தலாவை வழியாகப் பலாங்கொடைக்குப் போகும் பிரதான வீதிகளின் வேலை அரசின் வீதி அதிகார சபைகளின் கையில். தோட்டப் பாதைகளுக்குப் பிரதேச சபை. ஆனால் காபட் திறப்பு விழாவுக்கு மாலை கட்டுபவர்கள் நாம், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிப்பவர்கள் நாம். அடுத்த முறை உங்கள் டிவிஷனுக்கு வீதி போட வருகிறோம் என்று உறுப்பினர் வந்து சொல்லும்போது, எத்தனை கிலோமீற்றர் என்று மட்டும் கேட்காதீர்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலை எங்கே, லயம் எங்கே, முடக்கு எங்கே என்று விரல் வைத்துக் காட்டி, அந்த இடத்தில் பிள்ளை எங்கே நடக்கும் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு மாலை கட்டுங்கள்.